பைன் பிசின் எண்ணெய்: மரத்துல இருந்து உங்க கைக்குட்டை வரைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கடையில போய் "பைன் ஆயில் குடுங்க"ன்னு கேட்டா நாலு வேற வேற பாட்டில் உங்க கைக்கு வரலாம். நாலும் ஒரே சாமான் இல்ல. இது தெரியாம முட்டியில தேய்ச்சு தோல் பொரிஞ்சு போனவங்கள பாத்திருக்கேன், அதனாலதான் இதை இவ்வளவு நீளமா எழுதறேன். பொறுமையா படிங்க, முக்கியமா ஸ்டெப் 1-ஐயும் ஸ்டெப் 3-ஐயும் தாண்டி போயிடாதீங்க.

உத்தராகண்ட்ல ராணிகேத்ல நாலு வருஷம் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னாடி சரிவு முழுக்க சீர் பைன் காடு. இமயமலையோட அடிவார மலைகள்ல, ஹிமாச்சல், உத்தராகண்ட், ஜம்மு பக்கமெல்லாம் இருக்கற மரம் இது, தாவரவியல் பேரு பைனஸ் ராக்ஸ்பர்கி. ஊசி இலை மூணு மூணா ஒரே கொத்துல இருக்கும், அதை வச்சே அடையாளம் சொல்லிடலாம். மரத்தோட அடிப்பக்கம் பட்டைய கொஞ்சம் செதுக்கி அதுக்குக் கீழ ஒரு தகர கப் மாட்டியிருப்பாங்க. காலையில பாத்தா வெள்ளையா பால் மாதிரி ஒரு சொட்டு நுனியில நிக்கும், வெயில் ஏற ஏற அது மெதுவா இழுத்துக்கிட்டு கப்ல விழும், ரெண்டு நாள்ல தேன் மாதிரி கெட்டியாயிடும். அங்க இதுக்குப் பேரு லீசா. தெரியாத்தனமா விரலால தொட்டுட்டேன், சோப்பு போட்டு எவ்வளவு தேய்ச்சும் போகல. பக்கத்து வீட்டு அம்மா சிரிச்சுக்கிட்டே கொஞ்சம் கடுகெண்ணெய் ஊத்தி தேய்ச்சு விட்டாங்க, அஞ்சு நிமிஷத்துல கை சுத்தம். பிசினை எண்ணெய்தான் கரைக்கும், தண்ணி கரைக்காது, அன்னைக்குக் கத்துக்கிட்ட இந்தப் பாடம் கீழ பல இடத்துல வரும்.

மரம் ஏன் பிசின் விடுதுன்னா காயத்தை மூடத்தான். பட்டை கிழிஞ்சா பூச்சியும் பூஞ்சையும் உள்ள போகாம இருக்க பிசின் வந்து அடைச்சுக்கும். லீசா எடுக்கறவங்க வாராவாரம் அந்தக் காயத்தைக் கொஞ்சம் மேல புதுசாக்கி, நீர்த்த ஆசிடை ஸ்ப்ரே பண்ணுவாங்க, அப்பதான் ஒழுக்கு நிக்காது. வெயில் காலத்துலதான் நிறைய வரும். அளவுக்கு மீறி ஆழமா வெட்டினா மரம் பலவீனமாயிடும், காட்டுத்தீ வரும்போது அந்தக் காயத்துலதான் முதல்ல பத்திக்கும். அதனால உங்க பாட்டில்ல இருக்கற ஒவ்வொரு சொட்டும் ஒரு மரத்தோட காயத்துல இருந்து வந்ததுன்னு நெனச்சு, வீணாக்காம செலவு பண்ணுங்க.

அந்தப் பிசின் ஃபாக்டரிக்குப் போகும். ஹிமாச்சல்ல நாஹன்லயும் பிலாஸ்பூர்லயும் அரசு வனக் கழகத்தோட ஃபாக்டரி இருக்கு. பிசினைச் சூடாக்கி, வடிகட்டி, நீராவி விட்டு காய்ச்சுவாங்க. ஆவியா போய் குளிர்ந்து மறுபடி திரவமா வர்றது டர்பன்டைன் எண்ணெய், இதுதான் நாம பேசற சாமான். அடியில மஞ்சளா, கண்ணாடி மாதிரி உடையற கட்டியா தங்கறது ரோசின், வயலின் வாசிக்கறவங்க வில்லுல தேய்ப்பாங்களே, அதே கட்டிதான். பிசின்ல சுமாரா அஞ்சுல ஒரு பங்குதான் எண்ணெய், மிச்சத்துல பெரும்பகுதி ரோசின்.

நம்ம பக்கம் டர்பன்டைனுக்குக் கற்பூரத் தைலம்னு ஒரு பேரு உண்டு, பழைய கெமிஸ்ட்ரி புஸ்தகத்துல பாத்திருப்பீங்க. பொருத்தமான பேருதான், ஏன்னா இன்னைக்கு நாம சாமிக்கு ஏத்தற கற்பூரத்துல பெரும்பாலானது கற்பூர மரத்துல இருந்து வர்றதில்ல, டர்பன்டைன்ல இருக்கற ஆல்ஃபா பைனீன்ங்கற பொருளை வச்சு ஃபாக்டரியில செய்யறது. ஆனா மருந்துக்கடையில கிடைக்கற கற்பூராதி தைலம் வேற, அது தேங்காயெண்ணெய்ல கற்பூரம் சேர்த்த தைலம், குழப்பிக்காதீங்க.

ஸ்டெப் 1: கையில இருக்கறது எந்த பாட்டில்?

முதலாவது, பிசின்ல இருந்து காய்ச்சின எண்ணெய். லேபிள்ல கம் டர்பன்டைன்னு இருக்கும், மரத்தோட தாவரவியல் பேரும் இருக்கணும்.

ரெண்டாவது, ஊசி இலையில இருந்து காய்ச்சின எண்ணெய். பைன் நீடில்னு போட்டிருப்பாங்க. வாசனை இன்னும் மென்மை, கொஞ்சம் இனிப்பு. ரூம்ல தினமும் வாசனைக்கு வைக்கணும்னா என் ஓட்டு இதுக்குத்தான்.

மூணாவது, தரை துடைக்கற பைன் ஆயில். டர்பன்டைனை வச்சே கெமிக்கலா மாத்தி செய்யறது, தரைக்கு நல்லது, உடம்புக்கு வேண்டாம்.

நாலாவதுதான் ரொம்ப ஆபத்து. பெயின்ட் கடையில "டர்பன்டைன்"னு கேட்டா குடுக்கறது பெரும்பாலும் மினரல் டர்பன்டைன். அது பெட்ரோலியத்துல இருந்து வர்றது, மரத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, பெயின்டை இளக்கறதுக்கு மட்டும்தான். இதைப் போய் மூட்டுவலிக்குத் தேய்க்கறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க.

சாம்பிராணி, குங்கிலியம் பத்தியும் சொல்லிடறேன், நிறைய பேரு இதெல்லாம் பைன் பிசின்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. சாம்பிராணி வேற மரம், குங்கிலியம் வேற மரம், ரெண்டுமே ஊசியிலை மரம் கிடையாது. நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் இலையில இருந்து வர்றது. தேவதாரு எண்ணெய் ஊசியிலை மரம்தான், ஆனா அது கட்டையில இருந்து எடுக்கறது. கொடைக்கானல்ல நாம போட்டோ எடுக்கற பைன் காடெல்லாம் நட்டு வளர்த்தது, தென்னிந்தியாவுல தானா வளர்ற ஊசியிலை மரம் ஒண்ணே ஒண்ணுதான், மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கற நாகியா, அதுக்கும் ஊசி இல்ல, அகலமான இலை!

ஸ்டெப் 2: வாங்கும்போது சோதிக்கறது

லேபிள்ல மரத்தோட முழுப்பேரு, எந்தப் பாகம், எப்படி எடுத்தது, எந்த மாசம் பேக் பண்ணது, இந்த நாலும் இருக்கணும். கடைசி ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் நான் வாங்கறதில்ல.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளை பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு ஃபேனுக்குக் கீழ வைங்க. நல்ல எண்ணெய்னா ஆவியாகி போயிடும், கறை தெரியாது, இல்ல லேசா தெரியும். பளபளன்னு எண்ணெய்க்கறை அப்படியே நின்னா சமையல் எண்ணெய் மாதிரி ஏதோ கலந்திருக்கு. மஞ்சளா பிசுபிசுன்னு வளையம் நின்னா பழசு, இல்லன்னா ரோசின் கலந்திருக்கு. மண்ணெண்ணெய் வாடை முன்னாடி வந்தா அது மினரல் சாமான். நல்ல பிசின் எண்ணெய் வாசனை எப்படி இருக்கும்னா, புதுசா அறுத்த பலகை, அதோட கொஞ்சம் மாங்காப் பால் வாடை, உள்ள ஒரு குளிர்ச்சி.

ஸ்டெப் 3: பழசாகாம வைக்கறது

இதுதான் எனக்கு வலிச்ச பாடம். ராணிகேத்ல வாங்கின ஒரு பாட்டிலை ரெண்டரை வருஷம் கழிச்சு இங்க வந்து எடுத்தேன். பாதி காலி, மூடி சரியா மூடல, கழுத்துல பிசுபிசுன்னு மஞ்சளா ஒட்டிக்கிட்டு இருந்தது. வாசனை நல்லாத்தானே இருக்குன்னு நல்லெண்ணெய்ல கலந்து மணிக்கட்டுல தேய்ச்சேன். ரெண்டாம் நாள் காலையில சிவந்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு, ஆற பத்து நாளாச்சு.

காரணம் என்னன்னா, இந்த எண்ணெய்ல, அதுவும் குறிப்பா நம்ம சீர் பைன் எண்ணெய்ல, கேரீன்னு ஒரு பொருள் நிறைய இருக்கு. பாட்டில்ல இருக்கற காத்தோட சேர்ந்து அது கொஞ்சம் கொஞ்சமா பெராக்சைடா மாறும். தோலுக்கு அலர்ஜி உண்டாக்கறது அந்த பெராக்சைடுதான். பெயின்டர்கள், பீங்கான் தொழிலாளர்கள் கையில டர்பன்டைனால வர்ற தோல்நோய்க்குப் பின்னாடி இருக்கறதும் இதேதான். வாசனைப் பொருள் துறையோட சர்வதேச அமைப்பு இஃப்ரா, பைன் குடும்பத்து எண்ணெய்கள்ல பெராக்சைடு லிட்டருக்கு 10 மில்லிமோலுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு வரம்பே வச்சிருக்கு. ஒரு தடவை அலர்ஜி வந்துட்டா உடம்பு மறக்காது, அடுத்த தடவை துளியூண்டு பட்டாலும் திரும்ப வரும்.

அதனால சின்ன பாட்டில் வாங்குங்க, 10 இல்ல 15 மில்லி போதும். கருப்பு இல்ல பழுப்பு நிற கண்ணாடி பாட்டில், வெயில் படாத இடம், முடிஞ்சா ஃப்ரிட்ஜ்ல ஒரு டப்பாக்குள்ள. திறந்த தேதியை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிடுங்க, ஒரு வருஷத்துக்கு மேல தோலுக்கு வேண்டாம். பாதி தீர்ந்ததும் இன்னும் சின்ன பாட்டிலுக்கு மாத்திடுங்க, உள்ள காத்து கம்மியாகும். ரப்பர் தலை வச்ச டிராப்பரை பாட்டில்லயே மாட்டி வைக்காதீங்க, ரப்பர் ஊதி கொழகொழன்னு ஆயிடும். தெர்மக்கோல் பக்கமும் வேண்டாம், கரைச்சுடும்.

ஸ்டெப் 4: யாருக்கு வேண்டாம்

ஆஸ்துமா இருக்கறவங்க, கர்ப்பிணிகள், கிட்னி பிரச்னை இருக்கறவங்க, ஆறு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்க, இவங்களுக்கு வேண்டவே வேண்டாம். காயம்பட்ட குழந்தைக்கு பிளாஸ்திரி ஒட்டினா சுத்தி சதுரமா சிவந்து போகும் பாத்திருக்கீங்களா, சில பேருக்கு அது ரோசின் அலர்ஜி. அந்த மாதிரி ஆளுங்க பிசின் களிம்பு பக்கமே வரக் கூடாது. வீட்டுல பூனை இருந்தா டிஃப்யூசர் (தண்ணியில எண்ணெய் விட்டு வாசனையை ரூம்ல பரப்பற கருவி) போடாதீங்க, இந்த மாதிரி எண்ணெயை அது உடம்பால உடைச்சு வெளியேத்த முடியாது.

ஸ்டெப் 5: வாசனையா எடுத்துக்கறது

ரொம்ப எளிய வழி கைக்குட்டைதான். ஒரே ஒரு சொட்டு, கைக்குட்டையோட ஓரத்துல. மூக்குல ஒட்ட வைக்காம ஒரு சாண் தள்ளி வச்சு நாலஞ்சு மூச்சு. மலைப்பாதையில பஸ்ல போகும்போது எனக்கு இது ரொம்ப ஒத்துக்கிச்சு.

டிஃப்யூசர்னா 100 மில்லி தண்ணிக்கு 3 சொட்டு, அதிகபட்சம் 4, அரை மணி நேரம், ஜன்னல் கொஞ்சம் திறந்து. தனியா போட்டா வாசனை கூர்மையா இருந்துட்டு சீக்கிரம் ஓடிடும். நான் போடறது இப்படி: பிசின் எண்ணெய் 2 சொட்டு, ஆரஞ்சு எண்ணெய் 1, வெட்டிவேர் எண்ணெய் 1. வெட்டிவேர் கனமான வாசனை, அது மத்த ரெண்டையும் கீழ பிடிச்சு வைக்கும். மழை பெய்ஞ்ச ஈரக்காட்டு வாசனை வரும், ஒரு தடவை போட்டுப் பாருங்க.

ஆவி பிடிக்கறதுன்னா கொதிக்கற தண்ணிய பாத்திரத்துல எடுத்து, அடுப்புல இருந்து இறக்கி தள்ளி வச்சு, ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு, ஒரு சொட்டு மட்டும். கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு நிமிஷம். இருமல் வந்தா உடனே நிறுத்துங்க. இது சளியை குணப்படுத்தாது, மூக்கு திறந்த மாதிரி ஒரு இதம் கிடைக்கும், அவ்வளவுதான். விக்ஸ் டப்பாவை எடுத்து பின்னாடி படிச்சுப் பாருங்க, புதினா, கற்பூரம், நீலகிரித் தைலத்தோட டர்பன்டைன் எண்ணெயும் இருக்கும்.

அடுப்பு, விளக்கு, சாம்பிராணித் தணல், எதுக்கும் பக்கத்துல பாட்டிலைத் திறக்காதீங்க. நம்ம ஊர் வெயில்ல, சுமார் 35 டிகிரியிலேயே இதோட ஆவி நெருப்பு பட்டா பத்திக்கும். தணல்ல எண்ணெயை ஊத்தவே கூடாது. மலையில பிசின் ஊறின கட்டையைச் சின்னச் சின்ன சிம்பா பொளந்து தீப்பந்தமா எரிப்பாங்க, மழையிலகூட அணையாது, இதுக்கு எவ்வளவு எரியற குணம்னு அதுல இருந்தே புரிஞ்சுக்கலாம்.

ஸ்டெப் 6: உடம்புல தேய்க்கறது

நேரடியா ஒரு சொட்டுகூட தோல்ல போடக் கூடாது. கணக்கு சுலபம்: 30 மில்லி நல்லெண்ணெய் இல்ல தேங்காயெண்ணெய்க்கு 6 சொட்டு போட்டா சுமாரா 1 சதவீதம். நெஞ்சு, முதுகுக்கு இது போதும். நடந்து நடந்து கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டா, இல்ல முட்டிக்குன்னா 12 சொட்டு வரைக்கும் போகலாம், 2 சதவீதம், அதுக்கு மேல வேண்டாம்.

முதல்ல முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் விட்டுப் பாருங்க. ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆகலன்னு முடிவு பண்ணாதீங்க, எனக்கு ரெண்டாம் நாள்தான் வந்தது.

தேய்ச்சா என்ன நடக்குதுன்னா, தோல்ல இருக்கற சின்ன ரத்தக்குழாய் விரிஞ்சு இடம் சூடாகும், அந்தச் சூடும் குறுகுறுப்பும் ஆழத்துல இருக்கற வலியை மறைக்கும். வலியோட காரணம் போகாது. பழைய டாக்டர்கள் வலிக்குத் தேய்க்கக் குடுத்த டர்பன்டைன் லினிமென்ட்லயும் டர்பன்டைனும் கற்பூரமும்தான் முக்கியமா இருக்கும். ஆயுர்வேதத்துல இந்த மரம் சரளம், இதோட பிசின் ஸ்ரீவேஷ்டகம், வட இந்திய நாட்டு மருந்துக்கடையில கந்தபிரோஜான்னு கேட்டா குடுப்பாங்க. தேய்ச்ச இடத்துல துணியை இறுக்கிக் கட்டறது, ஹீட்டிங் பேட் வைக்கறது ரெண்டும் வேண்டாம், பொத்துப் போயிடும். முகம், அக்குள், புண் இருக்கற இடமும் வேண்டாம்.

ஸ்டெப் 7: வீட்டுல பிசின் களிம்பு

எண்ணெயை வீட்டுல காய்ச்சி எடுக்க முயற்சி பண்ணாதீங்க, தீ ஆபத்து ரொம்ப. ஆனா களிம்பு பண்ணலாம். அங்க பக்கத்து வீட்டு அம்மா பனிக்காலத்துல பிசினை நெய்யோட சேர்த்து இளக்கி குதிகால் வெடிப்புல விட்டு, மேல சாக்ஸ் போட்டுக்குவாங்க. நான் நெய்க்குப் பதிலா நல்லெண்ணெயும் தேன்மெழுகும் போடறேன்.

காய்ஞ்ச பிசின் 20 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி, தேன்மெழுகு 20 கிராம். மரத்துல நீங்களே வெட்டாதீங்க, பட்டையில ஏற்கனவே உறைஞ்சு நிக்கற கட்டியோ, கடையில வாங்கின கந்தபிரோஜாவோ போதும். பிசினை ஒரு மணி நேரம் ஃப்ரீசர்ல வச்சா சுத்தியலால தட்டின உடனே உடையும், ரூம் சூட்டுல தட்டினா ஒட்டிக்கும். தண்ணி கொதிக்கற பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சு அதுல எண்ணெய், பிசின், சின்ன தீயில முக்கால் மணி நேரம். நேரா அடுப்புல வைக்கவே கூடாது. பட்டை, பூச்சி, மண் எல்லாம் அடியில தங்கும், பழைய வேட்டித் துணியில சூடா இருக்கும்போதே வடிகட்டுங்க, ஆறிட்டா துணியிலேயே நின்னுடும். அப்புறம் மெழுகைப் போட்டு கரைச்சு டப்பாவுல ஊத்துங்க. அந்தப் பாத்திரம் இனிமே சமையலுக்கு ஆகாது, அதனால முன்னாடியே ஒரு பழைய பாத்திரமா பாத்து எடுத்துக்குங்க.

வெடிச்ச குதிகால், காய்ஞ்ச முழங்கைக்கு ராத்திரி தடவலாம். ரத்தம் வர்ற வெடிப்பு, ஆழமான புண், சர்க்கரை நோயாளிகளோட கால், இதுக்கெல்லாம் போடாதீங்க. பின்லாந்துல ஸ்ப்ரூஸ் மரப் பிசின் களிம்பை படுக்கைப் புண்ணுக்குப் போட்டு நோயாளிகள்கிட்ட சோதனை பண்ணி 2008-ல வெளியிட்டாங்க, நல்ல பலன்தான். ஆனா அது வேற மரம், சுத்தம் பண்ண முறை வேற, டாக்டர் மேற்பார்வை வேற. அதை நம்பி நம்ம வீட்டுக் களிம்பை புண்ணுல வைக்கக் கூடாது.

குடிக்கறது பத்தி

டர்பன்டைனை சர்க்கரையில சொட்டு விட்டு சாப்பிட்டா குடல் பூச்சி போகும், உடம்பு சுத்தமாகும்னு வீடியோ சுத்துது. 19-ம் நூற்றாண்டுல டாக்டர்கள் குடுத்தாங்கதான், அது விஷம்னு தெரிஞ்சு விட்டுட்டாங்க. உள்ள போனா சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும், புரையேறி நுரையீரலுக்குப் போனா நிமோனியா வரும். சின்னக் குழந்தைக்கு 15 மில்லி உயிரையே எடுக்கலாம். ஒரு சொட்டுகூட வாய் வழியா வேண்டாம், யாரு சொன்னாலும்.

குழந்தை தெரியாம குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, வெளிய வரும்போதுதான் நுரையீரலுக்குப் போகற ஆபத்து அதிகம். உடனே 108-க்கு கூப்பிடுங்க, பாட்டிலையும் கையோட ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க. கண்ணுல பட்டா 15 நிமிஷம் ஓடற தண்ணியில கழுவிட்டு டாக்டர்கிட்ட போங்க. தோல்ல நேரடியா கொட்டிக்கிட்டா முதல்ல சமையல் எண்ணெய் தடவித் துடைச்சு, அப்புறம் சோப்பு. ஒரு விஷயம் கவனிங்க, இந்த எண்ணெய் உடம்புக்குள்ள அதிகமா போயிட்டா சிறுநீர்ல வயலெட் பூ மாதிரி ஒரு வாசனை வரும். அப்படி வந்தா அன்னையோட எல்லாத்தையும் நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

பழசானதை என்ன பண்றது

ஒரு வருஷம் தாண்டினதை சிங்க்ல ஊத்தாதீங்க. கையில கிளவுஸ் போட்டு ஆயில் பெயின்ட் பிரஷ் கழுவவோ, தரையில ஒட்டின ஸ்டிக்கர் பசையை எடுக்கவோ பயன்படுத்தலாம். துடைச்ச துணியை மட்டும் சுருட்டி குப்பைக்கூடையில போட்டுடாதீங்க, சுருண்டு கிடக்கற துணிக்குள்ள சூடு ஏறி தானா பத்திக்கலாம். வெளிய கொடியில விரிச்சுப் போட்டு, முழுசா காய்ஞ்சு வாடை போனதுக்கு அப்புறம் போடுங்க.